தேவ்நாரிலிருந்து ஹேக் வரை: உலக நீதிமன்றமும் நம்மூர் நீதிமன்றமும் – புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குப்பை கொட்டும் டம்பிங் கிரவுண்டில் தீப்பிடித்துப் புகை வீட்டுக்குள் வரும்போதும், ஜோப்படிகளை (குடிசைகளை) இடிக்க நோட்டீஸ் ஒட்டும்போதும், மும்பையின் தேவ்நாரில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இங்கே நியாயம் கிடைக்கலேன்னா சர்வதேச கோர்ட்டுக்குப் போக முடியாதா?”

நல்ல கேள்வி. பதில் தெரியாமல் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் இருப்பதால், இதைத் தொடக்கத்திலிருந்து படிப்படியாகப் பார்ப்போம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், எது எந்த நீதிமன்றம்?

“சர்வதேச கோர்ட்” என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல அமைப்புகளை.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பது சர்வதேச நீதிமன்றம். 15 நீதிபதிகள். அங்கே நாடு மட்டுமே வழக்காட முடியும். தனி மனிதர், சங்கம், கம்பெனி யாருக்கும் அங்கே இடமில்லை. 2004-இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வந்த தல்வீர் பண்டாரி, 2012-இல் இந்த நீதிமன்றத்துக்குத் தேர்வானார்.

அதே ஹேக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் இருக்கிறது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனி மனிதர்களை விசாரிக்கும். இந்தியா அதில் சேரவில்லை.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். இதில் தனி மனிதர் போகலாம், ஆனால் புகார் அந்த அமைப்பில் சேர்ந்த நாட்டின் மீது இருக்க வேண்டும். லக்சம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழுக்கள். இவை நீதிமன்றங்கள் அல்ல. புகாரைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் அமைப்புகள்.

ஆசியாவுக்கு என்று ஒரு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் உண்டு, நமக்கு இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

மேலே இருப்பது யார்?

உலக நீதிமன்றம் நம் உச்ச நீதிமன்றத்துக்கு மேல் மாடி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உச்ச நீதிமன்றத்தில் தோற்றவர் மேல்முறையீடு செய்ய அதற்கு மேல் ஒரு கோர்ட் உலகத்தில் இல்லை.

ஐரோப்பாவில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. ஒன்றியத்தின் சட்டம் உள்நாட்டுச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியத்தின் சட்டமே செல்லும் என்று லக்சம்பர்க் நீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கேயும் வழிமுறை மேல்முறையீடு அல்ல, கேள்வி. வழக்கை நடத்தும் உள்நாட்டு நீதிபதி ஒரு சட்டக் கேள்வியை லக்சம்பர்க்குக் கட்டணமில்லாமல் எழுதி அனுப்புகிறார். பதில் வந்ததும் அதை வைத்துத் தன் வழக்கைத் தானே முடிக்கிறார்.

நம்மவர்கள் தொடர்பான வழக்கே இதற்கு உதாரணம். விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டியதாகச் சொல்லி நான்கு பேரின் சொத்துகளை நெதர்லாந்து அரசு முடக்கியது. அவர்கள் வழக்குப் போட, அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் கேட்டது: உள்நாட்டுப் போரில் ஒரு படை செய்யும் செயலைப் பயங்கரவாதச் செயல் என்று ஒன்றியச் சட்டம் சொல்ல முடியுமா? முடியும் என்று 2017 மார்ச் 14 அன்று பதில் வந்தது. அந்தப் பதிலை வழக்கில் பொருத்துவது மறுபடி நெதர்லாந்து நீதிமன்றத்தின் வேலை.

உள்நாட்டு நீதிபதிகள் எப்போதும் தலையாட்டிவிடுவதும் இல்லை. லக்சம்பர்க் தன் எல்லையை மீறிவிட்டது என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2020 மே 5 அன்று வெளிப்படையாகவே தீர்ப்பெழுதியது.

இந்தியாவில் எப்படி?

இந்தியா ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது தானாகச் சட்டமாகிவிடாது. அரசமைப்பின் 253-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். சர்வதேசச் சட்டத்தை மதிக்க அரசு முயல வேண்டும் என்று 51-ஆவது பிரிவும் சொல்கிறது.

கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கலாமா என்ற கேள்வி 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஐ.நா. உடன்படிக்கை இங்கே நேரடிச் சட்டம் அல்ல என்று நீதிபதி கிருஷ்ணய்யர் ஒத்துக்கொண்டார். ஆனால் அதன் வெளிச்சத்தில் நம் சட்டத்தைப் படித்து, வசதியிருந்தும் ஏமாற்றுகிறவரைத்தான் சிறையில் போடலாம், ஏழ்மையால் கட்ட முடியாதவரை அல்ல என்று எழுதினார்.

1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற உலகக் கொள்கையை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. 1997-இல் விசாகா வழக்கு: வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், இந்தியா 1993-இல் ஏற்ற பெண்கள் உரிமை உடன்படிக்கையை எடுத்து நீதிமன்றமே நெறிமுறை வகுத்தது.

நம் ஊருக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? உலகச் சட்டத்தைத் தேடி ஹேக் போக வேண்டியதில்லை. அதை நம் மனுவுக்குள் கொண்டுவர வேண்டும்.

உலகத் தீர்ப்பாயம் இந்திய நீதிமன்றத்தை நிறுத்திய கதை

இந்த உறவைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்ததில் சிறந்த வழக்கு இதுதான்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகின் மீது, இத்தாலியின் எண்ரிகா லெக்சி எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படையினர் சுட்டார்கள். மீனவர் இருவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்.

கேரள போலீஸ் வழக்குப் பதிந்தது. விசாரிக்கும் உரிமை கேரளத்துக்கு இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. 2015-இல் இத்தாலி கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. ஹாம்பர்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம், இரு நாடுகளும் தங்கள் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 24 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. இரண்டே நாளில் நம் உச்ச நீதிமன்றம் இங்குள்ள வழக்குகளை நிறுத்திவைத்தது.

2020 ஜூலையில் நடுவர் தீர்ப்பு வெளியானது. சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது. ஐந்து நடுவர்களில் மூவரின் முடிவு இது. கூடவே, உயிரிழப்புக்கும் சேதத்துக்கும் இத்தாலி இழப்பீடு தர வேண்டும், தொகையை இரு நாடுகளும் பேசி முடிக்கட்டும் என்றும் சொன்னது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வழக்கை மூடிவிடலாம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்திடம் கேட்டது. இறந்தவர்களின் குடும்பங்களைக் கேட்காமலும், இழப்பீடு கைக்கு வராமலும் மூட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. 10 கோடி ரூபாய் டெபாசிட் ஆன பிறகே, 2021 ஜூன் 15 அன்று வழக்கை முடித்தது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடி. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

யார் விசாரிப்பது என்பதை உலகத் தீர்ப்பாயம் முடிவு செய்தது. காசு வீடு வந்து சேர்ந்ததற்கு உள்ளூர் நீதிமன்றத்தின் பிடிவாதம் காரணம். குற்றவாளி யார் என்ற கேள்விக்கு மட்டும் இந்திய நீதிமன்றம் எதிலும் விடை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இன்னும் இரண்டு வழக்கு, சுருக்கமாக

மும்பை பவாயில் குடும்பம் உள்ள குல்பூஷண் ஜாதவுக்குப் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் 2017 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தது. இந்தியா மே மாதமே ஹேக் போனது. 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பு: தூதரக அதிகாரிகளைச் சந்திக்க விடாதது தவறு, தண்டனையைப் பாகிஸ்தான் உரிய முறையில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். விடுதலை செய் என்று இந்தியா கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை, மறுபரிசீலனைக்கான வழியையும் பாகிஸ்தானே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அதாவது ஹேக்கில் வென்றாலும் வழக்கு திரும்பி வருவது உள்நாட்டு நீதிமன்றத்துக்குத்தான்.

இலங்கையில் நடந்தது கசப்பானது. தமிழ் மட்டுமே தெரிந்த சிங்கராசா என்பவர், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்டார். 50 ஆண்டுச் சிறை மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. தனி மனிதர் புகார் தரும் ஏற்பாட்டில் இலங்கை 1997-இல் சேர்ந்திருந்ததால் அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். உரிமை மீறல் நடந்தது என்று குழு 2004-இல் சொன்னது. அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, இலங்கை அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 செப்டம்பரில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். உள்நாட்டு நீதிமன்றம் கதவைச் சாத்தினால் ஜெனீவாவின் கருத்து காகிதத்தோடு நின்றுவிடும்.

இந்தியா அந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. 1979-இல் இரண்டு பெரிய மனித உரிமை உடன்படிக்கைகளையும் ஏற்றோம், தனி மனிதர் புகாருக்கான நெறிமுறையை ஏற்கவில்லை. ஆகவே அந்தக் குழுவுக்கு நாம் வழக்காகப் போக வழியில்லை.

சரி, நாம் எப்படிப் போவது?

இனி தேவ்நாரிலிருந்து கிளம்புவோம். வரிசை முக்கியம்.

*முதல் படி: காகிதம்.* வீடு சம்பந்தமான பிரச்சினை என்றால் போட்டோ பாஸ் (குடிசைவாசி அடையாள அட்டை), மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குவோம். மகாராஷ்டிரத்தில் குடிசைவாசிகளின் மாற்று வீட்டு உரிமைக்கு 2000 ஜனவரி 1, 2011 ஜனவரி 1 ஆகிய இரண்டு தேதிகளும் உயிர்நாடி. முதல் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபித்தால் ஒரு நிலை, இரண்டுக்கும் நடுவே என்றால் வேறு நிலை. புகைப் பிரச்சினை என்றால் தேதியுள்ள படங்கள், டாக்டர் சீட்டு.

நோட்டீஸ் வந்திருந்தால் அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, பதில் தர எத்தனை நாள் என்ற மூன்றையும் அடிக்கோடிடுவோம்.

*இரண்டாம் படி: தகவல் கேட்பது.* மாநகராட்சியின் எம் ஈஸ்ட் வார்டு அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு. ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் என்பது மகாராஷ்டிர விதி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அதிகம். ஆனால் அரசே தந்த பதில், பிறகு எந்த நீதிமன்றத்திலும் நம்மிடம் உள்ள வலுவான சாட்சி.

*மூன்றாம் படி: சரியான வாசல்.* குப்பை, புகை, சுற்றுச்சூழல் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புனே அமர்வு. 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் முகவுரையே 1972 ஸ்டாக்ஹோம், 1992 ரியோ மாநாட்டு முடிவுகளைச் சொல்லித்தான் தொடங்குகிறது. உலகம் எடுத்த முடிவிலிருந்து பிறந்த உள்நாட்டு நீதிமன்றம் அது. நம் மனுவில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கும் கொள்கையைச் சொன்னால், சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி தீர்ப்பாயம் அதைப் பின்பற்றியாக வேண்டும்.

வீடு, வாழ்வுரிமை என்றால் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோவண்டியில் ஹார்பர் லைன் பிடித்து சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இறங்கினால், நீதிமன்றம் இருக்கும் கோட்டைப் பகுதி நடந்துபோகும் தூரம்தான். இந்த நீதிமன்றத்தின் வலிமைக்கு ஓர் உதாரணம்: தேவ்நார் குப்பைமேடு 1927-இலிருந்து இருக்கிறது. 2016 ஜனவரியில் அது எரிந்த புகை நாசா செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. அடுத்த மாதம் 29-ஆம் தேதி, குப்பையை விதிப்படி கையாளாத நகரத்தில் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது இதே உயர் நீதிமன்றம்தான். (உச்ச நீதிமன்றம் 2018-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது.) எந்த உலகக் கோர்ட்டுக்கும் அப்படி ஒரு அதிகாரம் கிடையாது.

மனுவில் என்ன எழுத வேண்டும்? முதலில் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு. அதற்கு 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைச் சேர்ப்போம். வாழ்வதற்கான உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. சேலத்திலிருந்து பஞ்சத்தால் 1961-இல் பம்பாய் வந்து, நடைபாதைக் குடிசைக்கு 2,500 ரூபாய் கொடுத்துக் குடியிருந்து, 1981-இல் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தமிழரும் அந்த மனுதாரர்களில் ஒருவர். நம் மக்கள் போட்ட வழக்கு அது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த பத்தியில் பொருளாதார, சமூக உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு. போதுமான உறைவிடம் என்ற உரிமை அதில் உள்ளது. கட்டாய வெளியேற்றம் பற்றி அதன் குழு 1997-இல் வெளியிட்ட 7-ஆவது பொதுக் கருத்தையும் குறிப்பிடலாம். கூடவே 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அஜய் மாக்கன் வழக்கில் தந்த தீர்ப்பு. ஷகூர் பஸ்தி ரயில்வே நிலத்துக் குடிசைகள் பற்றிய அந்த வழக்கில் இந்த உலகச் சட்டங்களை நீதிபதிகள் விரிவாக எடுத்தாண்டிருக்கிறார்கள். தாராவி மக்களில் ஒரு பகுதியினரைத் தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தில் குடியேற்றும் திட்டம் பேசப்படும் இந்தக் காலத்தில், இரண்டு ஊர்த் தமிழர்களுக்கும் இந்தப் பத்தி உதவும்.

*நான்காம் படி: உச்ச நீதிமன்றம்.* உயர் நீதிமன்றத்தில் தோற்ற பிறகு, வழக்குரைஞர் சொல்லும் கெடுவுக்குள்.

*கூடவே செய்யக்கூடியது: ஐ.நா. சிறப்புப் பிரதிநிதிக்குக் கடிதம்.* உறைவிட உரிமைக்கென ஒரு சிறப்புப் பிரதிநிதி இருக்கிறார். 2016 ஏப்ரலில் அப்போதைய பிரதிநிதி லெய்லானி ஃபர்ஹா மும்பைக்கும் வந்தார். இவருக்கு எழுத உள்நாட்டுப் படிகளை முடித்திருக்க வேண்டியதில்லை. உரியது என்று பட்டால் அவர் இந்திய அரசுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்பார். உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. அவருடைய கடிதம் வெளியானால் அதை நம் உயர் நீதிமன்ற மனுவோடு இணைக்கலாம் என்பதே பயன்.

எவ்வளவு செலவாகும்?

தகவல் மனுவுக்கு 10 ரூபாய், முதல் மேல்முறையீட்டுக்கு 20 ரூபாய். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். ஆகவே தொகையை யோசித்துப் போட வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். ஐ.நா. கடிதத்துக்கும் கட்டணம் இல்லை.

பெரிய செலவு வழக்குரைஞர் கட்டணம்தான். ஜாதவ் வழக்கில் ஹரீஷ் சால்வே ஒரு ரூபாய் மட்டும் வாங்கினார் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். நமக்கு அப்படி ஒருவர் அமையாவிட்டாலும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்குரைஞர் உண்டு. அதனால் மனுவை வீட்டுப் பெண்ணின் பெயரில் போடுவது நல்ல யோசனை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் தனிச் சட்ட உதவிக் குழுவும் உண்டு.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். தமிழ்ப் பத்திரம், மராத்தி நோட்டீஸ் இரண்டுக்கும் மொழிபெயர்ப்புச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைப்போம்.

எவ்வளவு காலம்?

ஓல்கா டெல்லிஸ் 1981-இல் தொடங்கி 1985-இல் முடிந்தது. எண்ரிகா லெக்சி ஒன்பது ஆண்டு. ஆனால் நமக்கு விதிக்கப்படும் கெடுக்கள் குறுகியவை. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம் (இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு). மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டு. இடிப்பு நோட்டீஸ் என்றால் நாள்கணக்கு, அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

ஐரோப்பாவிலுள்ள உறவினர்களுக்கு இது உதவும்: ஸ்ட்ராஸ்பர்க் போவதற்கு அந்நாட்டு நீதிமன்றங்களை முழுவதும் முடித்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து இதற்கான கெடு, கடைசித் தீர்ப்பு வந்து நான்கே மாதம். நாடு கடத்தலை எதிர்த்து ஓர் இலங்கைத் தமிழர் பிரிட்டன் மீது போட்ட வழக்கில் 2008 ஜூலையில் வென்றதும் இந்த வழியில்தான்.

எச்சரிக்கை

“சர்வதேச கோர்ட்டில் கேஸ் போட்டுத் தருகிறேன்” என்று பணம் கேட்பவர் வந்தால் ஒரே கேள்வி கேட்போம்: எந்த கோர்ட், எந்த ஊர்? ஹேக் என்றால் பொய். அங்குள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு நாடு மட்டுமே போக முடியும், குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியா சேரவில்லை. ஜெனீவா என்றால் அதற்குக் கட்டணமே இல்லை.

வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். புரியாத மொழியில் எழுதியதை வாசித்துச் சொல்லச் சொல்லி, பிறகு போடுவோம். அசல் காகிதத்தை யாரிடமும் விட வேண்டாம், நகல் போதும்.

ஒரே பிரச்சினைக்கு இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வழக்குப் போட்டு, ஒன்றில் மற்றொன்றை மறைத்தால் இரண்டும் போய்விடும். மனித உரிமை ஆணையமும் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைப் பொதுவாக எடுக்காது.

ஐ.நா.வுக்கு எழுதும்போது பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதைக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.

எங்கே படிப்பது, யாரைக் கேட்பது?

தேவ்நாரிலேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களும் அங்கே உண்டு. நம் காகிதங்களை அடுக்கவும் தகவல் மனு எழுதவும் கேட்டால் உதவக்கூடியவர்கள் அவர்களில் இருப்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம், சில தமிழிலும் கிடைக்கின்றன. ஹேக் நீதிமன்றம் தன் தீர்ப்புகளோடு இரு தரப்பும் தாக்கல் செய்த வாதங்களையும் வெளியிடுகிறது.

முதலில் படிக்க ஓல்கா டெல்லிஸ். அதில் மனுதாரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பக்கங்களை நிதானமாகப் படிப்போம். நம் மனுவில் நம் கதையை எப்படி எழுதுவது என்பது அங்கே தெரியும்: எந்த ஆண்டு வந்தோம், என்ன வேலை, என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது. இந்த வாரமே ஒரு தாளில் இந்த ஆறு வரியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை நிரூபிக்கும் காகிதத்தின் பெயரைக் குறித்துவைப்போம். காகிதம் இல்லாத வரி எதுவோ, தகவல் மனுவை அதற்குப் போடலாம்.